பால்கோவாவுக்காக ரயில் ஏறணுமா, கூரியர் போதாதா?

பொதிகைப்பயணி:

வணக்கம். போன வாரம் நான்கு நாள் விடுப்பு போட்டுவிட்டு நானும் என் மனைவியும் இனிப்புக்காகவே ஒரு பயணம் போய் வந்தோம். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பேருந்திலேயே சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி, கடைசியாக நெல்லை. குற்றாலம், திருச்செந்தூர் எதுவும் திட்டத்தில் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பண்டத்தை, அது அடுப்பிலிருந்து இறங்குகிற நேரத்தில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கடையின் பின்கட்டில் வரிசையாக விறகடுப்பு. எரிப்பது பெரும்பாலும் முந்திரிக்கொட்டை ஓடு. அனல் ஒரே சீராக நிற்குமாம். அகன்ற கடாயில் பத்து லிட்டர் பாலை ஊற்றி, நீளக் கரண்டியால் ஒருவர் கிண்டிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் ஒட்டுகிற ஆடையைச் சுரண்டிச் சுரண்டி நடுவில் தள்ளினார். பால் பாதிக்கும் கீழே வற்றிய பிறகு சர்க்கரை விழுந்தது. கூட வேறெதுவும் இல்லை, ஏலக்காய்கூடக் கிடையாது. முக்கால் மணி நேரத்தில் கெட்டியாகி, கடாயை விட்டு ஒரே திரளாகக் கழன்று வந்தது. "பத்து லிட்டருக்கு மூன்றரை, மூன்றேமுக்கால் கிலோ தேறும்" என்றார். வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார். வெதுவெதுப்பாக, நாக்கில் மணல்மணலாக, கடாயில் ஒட்டி லேசாகச் சிவந்த ஆடையின் மணத்தோடு இருந்தது.

பத்து வருடமாக இதே பால்கோவாவைக் கூரியரில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அது வேறு, இது வேறு. ஊர்ப் பண்டம் என்று ஒன்று இருந்தால் அதை அந்த ஊரில் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து. கூரியரில் வருவது அதன் நகல்தான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அம்பத்தூர்வாசி:

நல்ல பயணம், வாழ்த்துகள். ஆனால் கடைசிப் பத்தியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான்கு நாள் விடுப்பு, இரண்டு பேருக்கு ரயில், அறை வாடகை, சாப்பாடு. இந்தச் செலவு எத்தனை வீட்டில் முடியும்? என் அம்மாவுக்கு 78 வயது. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஊருக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து கடலை மிட்டாய் வரவழைக்கிறேன். பல் இல்லாததால் கடிக்க முடியாது. ஒரு சின்னத் துண்டை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெல்லம் கரையக் கரைய அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடைசியில் மிஞ்சுகிற கடலையைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது நம்ம கரிசக்காட்டுக் கடலை" என்பார். அதை நகல் என்று நீங்கள் சொல்வது எனக்கு வலிக்கிறது.

ருசி என்பது பண்டத்தில் இருக்கிறதா, அதைச் சாப்பிட்ட சூழ்நிலையில் இருக்கிறதா என்றும் யோசியுங்கள். விடுமுறை, மனைவி பக்கத்தில், விறகு மணம், பசி. அதே பால்கோவாவை அதே சூட்டில் அலுவலக மேசையில் வைத்துக் கொடுத்தால் இவ்வளவு எழுதியிருப்பீர்களா?

கரிசல்மண்:

அம்பத்தூர் அக்கா சொல்வதை நான் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கடலை மிட்டாய் போடுகிறோம். சின்னப் பட்டறைதான், மொத்தம் ஏழு பேர்.

பொதிகைப்பயணி அண்ணா, நீங்கள் கோவில்பட்டியில் இறங்கிச் சூடாகக் கேட்டு வாங்கியிருந்தால் தவறாக வாங்கியிருக்கிறீர்கள். கடலை மிட்டாயைச் சூட்டோடு சாப்பிடக் கூடாது. பல்லில் சவ்வாக ஒட்டும். எப்படிப் போடுகிறோம் என்று சொன்னால் புரியும். கடலையை வறுத்து, தோல் போகத் தேய்த்து, இரண்டாக உடைத்துப் புடைத்து வைத்துக்கொள்வோம். வெல்லப் பாகு காயும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வராமல் இறக்கினால் மிட்டாய் நமுத்துப் போகும். கொஞ்சம் தாண்டினாலும் கசக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எங்கள் அப்பா இன்னும் அடுப்படியை விட்டு நகர மாட்டார். இறக்கியதும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டுக்கட்டையால் தேய்த்து, ஆறுவதற்குள் கோடு போட்டு அறுக்க வேண்டும். மேலே சாயம் தோய்த்த தேங்காய்ப்பூ. அப்புறம் முழுக்க ஆற விட வேண்டும். ஆறின பிறகுதான் அது கடலை மிட்டாய். காற்றுப் புகாமல் கட்டினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அதாவது, பயணம் போகவே பிறந்த பண்டம் அது.

2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதாவது இது இந்த ஊர்ச் சரக்குதான் என்கிற சான்று. நேரில் வந்து அடுப்பைப் பார்த்து வாங்குகிறவருக்கு அந்தச் சான்று எதற்கு? எங்கோ தூரத்தில், பெட்டியை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் தேவை. பொது முடக்கம் போட்ட மாதங்களில் பேருந்தும் இல்லை, ரயில் நிலையத்தில் கூடை வியாபாரமும் இல்லை. வெளியூர் ஆர்டர் திரும்ப வர ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நகல் என்று சொல்லும் முன் அதையும் நினைத்துப் பாருங்கள்.

பொதிகைப்பயணி:

கரிசல்மண், அக்கா, இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். 'நகல்' தப்பான வார்த்தை. கடலை மிட்டாயைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பால்கோவாவைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். பால் பண்டம் ஆறி, டப்பாவில் அடைந்து, குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் இருந்தால் அதன் நெய்ப்பு இறுகிவிடும். அது என் சூழ்நிலையோ மனநிலையோ இல்லை.

உப்பளக்காற்று:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா முப்பது வருடம் பேக்கரி அடுப்பில் வேலை பார்த்தவர். இந்த விவாதத்தில் மக்ரூனைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

மக்ரூனில் மூன்றே பொருள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் முந்திரித் தூளை நுரை அடங்காமல் கலந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் இட்டு, தட்டில் ஒவ்வொன்றாகப் பிழிவார்கள். அடியில் அகலம், மேலே கூர் நுனி. பகலெல்லாம் ரொட்டி வெந்த விறகடுப்பில் ராத்திரி நெருப்பு தணிந்திருக்கும். அந்த மிச்சச் சூட்டில் தட்டுகளை உள்ளே தள்ளி மூடிவிட்டால் விடியும் வரை அது மெல்ல மெல்ல உலரும். வேகிறது என்பதைவிட உலருகிறது என்பதே சரி. அப்பா நாலரை மணிக்கு எழுந்து போய் ஒரு மக்ரூனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து நொறுக்கிப் பார்ப்பார். சத்தம் மெலிதாக, காய்ந்த இலை மாதிரி வந்தால் தட்டை வெளியே எடுக்கலாம்.

இதைக் கூரியரில் அனுப்ப முடியுமா? முடியாது என்றுதான் சொல்வேன். காற்றில் ஈரம் பட்டால் ஒரே நாளில் பிசுபிசுக்கும். அழுத்தினால் பொடியாகும். போன வருடம் என் தோழிக்குச் சென்னைக்கு இரண்டு கிலோ அனுப்பினேன். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு கூரியர் நிறுவனம். நான்கு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. திறந்தால் பாதிப் பெட்டி தூள், மீதி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்ததாம். அவள் மனம் நோகாமல் "ருசி நல்லா இருந்துச்சு" என்றாள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. அனுப்புவதற்கு வசதியாக மக்ரூனையே மாற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லோரையும் சொல்லவில்லை, என் கண்ணில் பட்ட சில இடங்களைச் சொல்கிறேன். உடையக் கூடாது என்று சர்க்கரையைக் கூட்டி, முந்திரியைக் குறைத்து, கெட்டியாகச் சுடுகிறார்கள். பெட்டியில் அழகாக நிற்கிறது. வாயில் போட்டால் சர்க்கரைக் கட்டி. வெளியூர்க்காரர் அதைத்தான் தூத்துக்குடி மக்ரூன் என்று நினைத்துக்கொள்கிறார். நாளைக்கு உள்ளூர்க் குழந்தையும் அதையே நினைக்கும். கரிசல்மண் அண்ணனின் மிட்டாய் பயணத்துக்கே பிறந்தது, சரி. எங்களுடையது அப்படிப் பிறக்கவில்லை. அதைப் பயணத்துக்குத் தக்கபடி வளைத்தால் அது செத்துப் போகும்.

அம்பத்தூர்வாசி:

உப்பளக்காற்று தங்கை சொல்வது நியாயம். ஆனால் பண்டத்தை மாற்றுவது கூரியர் மட்டும்தானா? பயணிகளும் மாற்றுகிறார்கள்.

மதுரையிலிருந்து நெல்லைக்கு நான்குவழிச் சாலையில் போய்ப் பாருங்கள். ஊருக்குள் யார் போகிறார்கள்? ஒரே கடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, தூத்துக்குடி மக்ரூன், நெல்லை அல்வா என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கார் நிற்கிறது, ஐந்து நிமிடத்தில் ஆறு ஊர்ப் பண்டமும் ஏறிவிடுகிறது. வீட்டுக்குப் போய், "நேரில் போய் வாங்கினேன்" என்பார்கள். அது எங்கே செய்தது, யார் செய்தது, கடைக்காரருக்கே தெரியுமோ என்னவோ. இதைவிட, பட்டறையின் முகவரியும் எண்ணும் தெரிந்து, பெயர் சொல்லிப் பேசி, பணம் அனுப்பி வாங்குகிற நான் அந்த ஊருக்கு நெருக்கமாக இருக்கிறேன் என்றே நினைக்கிறேன்.

நெல்லை டவுன்காரன்:

எங்கள் ஊரைப் பற்றி நான் பேசாவிட்டால் யார் பேசுவது.

அல்வாவுக்குச் சம்பா கோதுமை. ராத்திரி ஊறப் போட்டு, ஆட்டி, பிழிந்து, பால் எடுத்து, தெளிய விட்டு, மேல்தண்ணீரை வடித்து, அப்புறம்தான் அடுப்பில் ஏறும். சர்க்கரையைச் சிவக்க விட்ட பாகில்தான் அந்த நிறம். தனியாக வண்ணம் போடுவதில்லை. நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால், குடித்த நெய்யை அல்வாவே திருப்பித் தர ஆரம்பிக்கும். அப்போது இறக்க வேண்டும்.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் மட்டும்தான் வியாபாரம். கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கும். வாங்கினவர்கள் அங்கேயே தெருவில் நின்று சுடச்சுட வழித்துச் சாப்பிடுவார்கள். கடித்தெல்லாம் சாப்பிட முடியாது, தொண்டையில் தானாகவே வழுக்கிப் போகும். அதன் பிறகு கொஞ்சம் மிக்சர் வாயில் போட்டால்தான் திகட்டாது. இதை யார் கூரியரில் அனுப்புவார்? அந்த நேரம், அந்தத் தெரு, தாமிரபரணித் தண்ணீர், மூன்றும் சேர்ந்ததுதான் எங்கள் அல்வா. பொதிகைப்பயணி சொன்னது முழுக்கச் சரி.

சோதனைச்சாலை:

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் குறுக்கிடுகிறேன்.

'தாமிரபரணித் தண்ணீர்' என்று எல்லோரும் சொல்கிறோம். கடலை மிட்டாய்க்கும் சொல்கிறார்கள், அல்வாவுக்கும் சொல்கிறார்கள். முறுக்கு என்றால் மணப்பாறைத் தண்ணீரின் உப்புச் சுவை என்கிறோம். முறுக்கைப் பொறுத்தவரை எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மாவைப் பிசையும் தண்ணீரில் உப்பு இருந்தால் அது முறுக்கில் தெரியத்தான் செய்யும். ஆனால் அல்வாவில் மேல்தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம், மிச்சமும் அடுப்பில் வற்றிவிடுகிறது. அங்கே என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கோதுமைப் பால் எத்தனை மணி நேரம் நின்று எவ்வளவு புளித்தது, பாகு எவ்வளவு சிவந்தது, எத்தனை மணி நேரம் கை விடாமல் கிண்டினார்கள். இவை மூன்றும் மனிதர்களின் திறமை. ஆற்றைப் புகழ்ந்து பேசும்போது அடுப்படியில் நின்று தோள் வலிக்கக் கிண்டுகிறவரை நாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நெல்லை டவுன்காரன்:

சார், கிண்டுகிறவரை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் சித்தப்பாவே அந்த வேலை பார்த்தவர், வலது தோள் இன்றும் மேலே தூக்க வராது. ஆனால் அவரே வேறு ஊருக்குப் போய்க் கிண்டியபோது அந்தப் பதம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் அனுபவத்தை நான் எப்படி ஒதுக்க முடியும்?

சோதனைச்சாலை:

ஒதுக்க வேண்டாம். அவர் சொன்னதை மதிக்கிறேன். வேறு ஊரில் கோதுமை மாறியிருக்கும், நெய் மாறியிருக்கும், அடுப்பு மாறியிருக்கும். எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் தண்ணீர் என்று முடிவு கட்ட வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

சிங்கை கீழக்கரையான்:

பூர்விகம் கீழக்கரை, இருப்பது சிங்கப்பூர். எங்கள் ஊர்த் தொதல் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. இங்கே மலாய்க்காரர்கள் பெருநாளுக்குச் செய்யும் 'டோடோல்' கிட்டத்தட்ட அதேதான். இலங்கையிலும் தொதல் உண்டு. பெயரைப் பாருங்கள், கப்பலேறி வந்த பண்டம் என்பது தெரிகிறது.

மக்ரூன் என்ற பெயரும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே பாதாம் போட்டார்கள், இங்கே முந்திரி. அந்த முந்திரியையும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். நிலக்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. 'அல்வா' அரபுச் சொல். இத்தனையும் கடல் தாண்டி வந்த பிறகு, இனிமேல் இது இந்தத் தெருவை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எங்கள் மாதிரி வெளியே இருப்பவர்களுக்குப் பெட்டியில் வருவதுதான் ஊர்.

உப்பளக்காற்று:

அண்ணா, உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்தது செய்யத் தெரிந்த கை. சுட்ட மக்ரூனைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரவில்லை. வந்த இடத்தில் பாதாம் இல்லை, முந்திரி இருந்தது, அதைப் போட்டார்கள். இந்த ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் தக்கபடி அடுப்பைப் பழக்கினார்கள். அதனால்தான் அது எங்களுடையது ஆனது. கை போகட்டும், சந்தோஷம். சிங்கப்பூரில் யாராவது எங்கள் அப்பா மாதிரி ராத்திரி அடுப்பில் வைத்துச் சுட்டால் அங்கேயும் நல்ல மக்ரூன் கிடைக்கும். பெட்டிக்காகப் பண்டத்தைக் கெடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கரிசல்மண்:

தங்கை சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன். எது தாங்கும், எது தாங்காது என்று செய்கிறவருக்குத் தெரியும். தாங்காததை அனுப்பச் சொல்லி வாங்குகிறவர் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்கிறவரும் காசுக்காகத் தலையாட்டக் கூடாது.

முதலூர் மஸ்கோத் அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளம் பக்கம், 1799-இல் கிறிஸ்தவர்கள் குடியேற உருவாக்கிய முதல் ஊர், பெயரே அதுதான். மஸ்கோத் அல்வாவில் நெய்யே கிடையாது, எல்லாம் தேங்காய்ப்பால். அது வற்றிப் பிரிகிற எண்ணெயிலேயே வேகும். அதனால் பல நாள் கெடாது, துண்டு போட்டால் வடிவம் குலையாது. அனுப்பினால் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேரும். பழனிப் பஞ்சாமிர்தமும் அப்படித்தான். தண்ணீர் ஒரு சொட்டுப் படாமல் மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய் சேர்த்துப் பிசைந்தது. பக்தர்கள் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோகத்தானே காலங்காலமாகச் செய்கிறார்கள்.

பொதிகைப்பயணி:

இங்கே இன்னொரு கோணம் சொல்ல வேண்டும். நேரில் போனதால் மட்டுமே எனக்குத் தெரிந்த ஒன்று, கருப்பட்டி மிட்டாய்.

சாத்தூரில் சாயங்காலம் ஒரு சின்னக் கடை வாசலில் பார்த்தேன். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைத் துணியில் கட்டி எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிந்து, எடுத்துக் கருப்பட்டிப் பாகில் முக்கினார்கள். பார்வைக்குக் கறுத்த ஜிலேபி மாதிரி. ஆனால் ஜிலேபியின் பளபளப்பு இல்லை. கடித்ததும் உள்ளிருந்து சூடான பாகு பீய்ச்சி வருகிறது. சுக்கு மணம், லேசான புகை வாசம். எங்கள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஓலைக் கொட்டானில் வாங்கிக்கொண்டு போனார். இதைச் சென்னையில் எவரும் எனக்கு விற்க முன்வந்ததில்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கூரியரில் எப்படிக் கேட்பேன்? கூரியரில் தெரிந்ததைத்தான் கேட்க முடியும். தெரியாதது கண்ணில் பட, தெருவில் நடக்க வேண்டும்.

கடைக்காரரிடம் பேசியபோது, கருப்பட்டியைச் சரக்கு பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். சீனி கலந்த கருப்பட்டி நிறைய வருகிறதாம். உடன்குடிப் பக்கம் நேரே போய், பதநீர் இறங்கும் பருவத்தில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வாராம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவரும் பயணம் போய்த்தான் வாங்குகிறார், பாருங்கள்.

அம்பத்தூர்வாசி:

கருப்பட்டி மிட்டாயைப் படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க ஊர்ச் சந்தையில அதுதான் வாங்குவோம், எண்ணெய் ஊறின ஓலைய வீட்டுக்கு வந்து நக்குவோம்" என்றார். நான் அதைச் சாப்பிட்டதே இல்லை. அம்மா இத்தனை வருடம் அதைச் சொன்னதும் இல்லை, ஏனென்றால் நான் கேட்டு வரவழைக்கக்கூடிய பட்டியலில் அது இல்லை. இந்த ஒரு இடத்தில் என் வாதம் இடறுகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் என் நிலை மாறவில்லை. போக முடிந்தவர்கள் போகட்டும், ஊருக்குள் போகட்டும், பைபாஸில் நிற்காமல் போகட்டும். போக முடியாதவர்கள் வாங்குவதைக் குறைவாகப் பேசாதீர்கள். பட்டறைக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இரண்டு பேராலும்தான்.

நெல்லை டவுன்காரன்:

அக்கா, குறைவாகப் பேசவில்லை. ஒரு உண்மையும் சொல்கிறேன், எங்கள் வீட்டிலேயே இதற்குச் சண்டை உண்டு. என் மனைவிக்கு மறுநாள் அல்வாதான் பிடிக்கும். நெய் உறைந்து, இறுகி, கொஞ்சம் மெல்லும்படி இருக்க வேண்டும் அவளுக்கு. சூடான அல்வாவை ஒரு வாய்கூடத் தொட மாட்டாள். அந்தக் கணக்கில் உங்களுக்குக் கூரியரில் வருவது அவளுக்குப் பிடித்த அல்வா. எனக்கு அது அல்வாவே இல்லை. இருபது வருடமாக இந்த வழக்குத் தீரவில்லை.

சோதனைச்சாலை:

உப்பளக்காற்று, ஒரு கேள்வி. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, தகரத்தில் அடைத்து அனுப்பினால் மக்ரூன் தாங்காதா? பிசுபிசுப்பு ஈரத்தால் வருவதுதானே. சர்க்கரையைக் கூட்டாமலே தீர்க்கக்கூடிய சிக்கலாக எனக்குப் படுகிறது.

உப்பளக்காற்று:

சார், பிசுபிசுப்புக்கு அது உதவலாம். அப்பாவிடம் கேட்டேன், தகர டப்பாவில் பத்து நாள் வரை வைத்துப் பார்த்திருக்கிறாராம், நன்றாகவே இருந்ததாம். ஆனால் நொறுங்குவதற்கு என்ன செய்வது? வண்டியில் ஏற்றி இறக்கி எறிகிறார்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றினால் டப்பாவின் விலை மக்ரூன் விலையைத் தாண்டிவிடும். மடியில் வைத்துக் கொண்டுபோகிறவர்களுக்கு மட்டும் தகர டப்பா சரிப்படும். ரயிலில் வருகிறவர்கள் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள்.

அம்பத்தூர்வாசி:

சரி, மக்ரூனுக்கு மட்டும் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் பேசினேன். கருப்பட்டி மிட்டாய் பற்றிப் பேசியதிலிருந்து ஊர் ஊர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கீழ்ப்படுக்கை கிடைத்தால் ஒருமுறை கூட்டிக்கொண்டு வரலாமா என்று யோசிக்கிறேன். எந்த மாதம் நல்லது? கோவில்பட்டியில் இறங்கினால் சக்கர நாற்காலி ஏற்பாடு இருக்குமா? அம்மாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

கரிசல்மண்:

அக்கா, என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், நானும் தம்பியும் நடைமேடையிலேயே நிற்கிறோம். பட்டறை வரை ஆட்டோவில் பத்து நிமிடம். அம்மா உட்காருவதற்கு அப்பாவின் சாய்வு நாற்காலியைப் போட்டுவிடலாம், பாகு காய்ச்சுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கட்டும். வெயிலைப் பார்த்தால் தை, மாசி நல்லது.

உப்பளக்காற்று:

ஐப்பசி, கார்த்திகை மட்டும் வேண்டாம் அக்கா. மழை நேரத்தில் வெள்ளைக்கரு எழும்பாது, அப்பாவே "இன்னைக்கு வேண்டாம்" என்று தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை கோவில்பட்டி. அங்கே முடித்துக்கொண்டு மறுநாள் எங்கள் ஊருக்கு வாருங்கள், காரில் ஒரு மணி நேரம்தான். அதிகாலையில் வந்தால் அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும் நேரம். அம்மாவுக்குப் பல் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, மக்ரூனுக்குப் பல்லே வேண்டாம். நாக்கில் வைத்தால் போதும்.